ஓடாவியார் செப்பனிட்ட கிற்றார்

குறிகட்டுவான் துறையில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு, அங்கே படகு அணையும் வேளையில் உண்டாகும் அமளியை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நெடுந்தீவிலிருந்து வரும் படகும், நயினாதீவுக்குப் புறப்படும் படகும் ஒரே நேரத்தில் துறையை நெருங்கிவிட்டால் போதும். சீமெந்துப் பையும், கோழிக்கூடும், கைக்குழந்தையும், அம்பாளுக்கு நேர்ந்த தாமரைப் பூக்கூடையும் ஒன்றன்மேல் ஒன்றாய் மோதிக்கொள்ளும். அத்தகையதோர் அமளியிலேதான் என் மருமகளின் கிற்றார் கழுத்து முறிந்தது.

மருமகள் நெடுந்தீவில் ஆசிரியை. வகுப்பிலே பாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கென்று ஒரு கிற்றாரை வாங்கி வைத்திருந்தாள். கொழும்பிலே, மாதாந்தத் தவணையில், தன் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. படகிலிருந்து கரைக்குப் பொருள்களைக் கைமாற்றிக் கொடுக்கையில் அது யாரோ ஒருவர் கையிலிருந்து நழுவி, கல் விளிம்பிலே தலைகுத்தி விழுந்தது. உறையைத் திறந்து பார்த்தபோது, தந்திகளை முறுக்கும் தலைப்பகுதி வேறாகவும் கழுத்து வேறாகவும் கிடந்தன. இடையிலே ஆறு தந்திகள் மாத்திரம் அவற்றை இணைத்து நின்றன.

"மாமா, இனி இது விறகுக்குத்தான்" என்றாள். அழவில்லை. ஆயினும் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் அழுதிருப்பார்கள்.

2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் நமது ரூபாயின் மதிப்பு ஏறத்தாழப் பாதியாய் வீழ்ந்த பின்னர், பிறநாட்டுப் பொருள் ஒன்றை இரண்டாம் முறை வாங்குவது ஓர் ஆசிரியையின் குடும்பத்துக்கு எத்தகைய சுமை என்பதை இப்பக்கங்களைப் படிக்கும் இல்லத்தரசிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா? யாழ்ப்பாணப் பட்டினத்தில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். "இதைத் திருத்துகிற ஆள் இல்லை, புதிதாக எடுங்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் குற்றமில்லை. விற்பவர் வேறு, செய்பவர் வேறு என்று ஆகிவிட்ட காலம் இது.

வீடு திரும்பும் வழியில் ஊர்காவற்றுறையில் எனக்குத் தெரிந்த ஓடாவியார் ஒருவரின் பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். வள்ளம் கட்டிய குடும்பம். அவருடைய பாட்டன் காலத்தில் அந்தத் துறையில் பாய்க்கப்பல்கள் நின்றன. தந்தையின் காலத்தில் மீன்பிடி வள்ளங்கள். அவர் காலத்திலோ கண்ணாடியிழைப் படகுகள் வந்து சேர்ந்தன. அவற்றை அச்சிலே வார்த்து எடுக்கிறார்கள். உளிக்கு அங்கே வேலையில்லை. ஆகவே ஓடாவியார் இப்போது கதவு, யன்னல், கட்டில் முதலியன செய்து சீவிக்கிறார்.

முறிந்த கிற்றாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் பலகையைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, இதைச் செய்தவன் கெட்டிக்காரன் இல்லை. கழுத்திலை மரத்தின்ரை நார் ஓடுற பக்கத்துக்குக் குறுக்கை வெட்டியிருக்கிறான். விழாட்டிலும் ஒரு நாளைக்கு முறிஞ்சிருக்கும்."

இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார்.

அந்த இரண்டு கிழமையில் அவர் செய்ததைப் பின்னர் கேட்டறிந்தேன். முறிந்த வாயைச் சுத்தம் செய்து, வச்சிரம் காய்ச்சிப் பூசி, இரண்டையும் சேர்த்து, தும்புக் கயிற்றால் வரிந்து, கயிற்றுக்குள்ளே சிறு ஆப்புகளைச் செருகி இறுக்கியிருக்கிறார். வள்ளத்துக்குப் பலகை பொருத்துகிறவர்கள் அறிந்த பழைய உபாயம். பசை காய்ந்தபின், முறிவுக்குக் குறுக்கே நீளவாக்கில் இரண்டு பள்ளம் எடுத்து, முதிரை மரத்தில் இரண்டு மெல்லிய சிம்புகளைச் செதுக்கி அவற்றுள் பதித்து, மேலே இழைத்து மெருகிட்டிருக்கிறார். இரும்புத் தந்தி ஆறும் முறுக்கப்பட்ட கிற்றாரின் கழுத்து ஏறத்தாழ 70 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். இவ்விஷயத்தை நான் பின்னர்தான் படித்தறிந்தேன். அவருக்கோ எவரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. "பாய்மரத்தைக் கயிறு இழுக்கிற மாதிரித்தானே" என்றார்.

கிற்றார் முன்னையிலும் நன்றாகப் பாடுகிறது என்கிறாள் மருமகள். அதனை நான் நம்புவதா இல்லையா என்பது வேறு. கூலியாக அவர் கேட்ட தொகை, கடைக்காரர் சொன்ன விலையின் பக்கத்திலும் வராது.

ஒரு கேள்வி

கதை அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. செய்தி பரவியது. கோயில் பாடகர் குழுவொன்றின் கிற்றார், நாட்டுக்கூத்துக்குப் பயன்பட்ட பழைய ஆர்மோனியம் ஒன்றின் பெட்டி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவரின் வயலின் என்று பட்டறைக்கு வாத்தியங்கள் வரலாயின. ஓடாவியாரின் மகனுக்கு இருபத்தாறு வயது. தகப்பனிலும் கூர்மையான கை. அவன் ஒரு கிற்றாரை முழுமையாகவே செய்து பார்த்தான். அதன் படம் கடல் கடந்து போயிற்று. ரொறன்ரோவில் இருக்கும் சிறிய தகப்பனார் ஒருவரிடமிருந்து உடனே பதில் வந்தது. பணம் அனுப்புகிறேன், யாழ்ப்பாணத்தில் பெரிய பட்டறை போடு, பன்னிரண்டு பேரை வை, நல்ல பெயரொன்று சூட்டு, அதே பெயரில் சீனாவிலிருந்து ஒலிபெருக்கியும் வயலினும் தருவித்து விற்கலாம். உலகெங்கும் உள்ள தமிழர் வாங்குவர் என்பது அவர் வாதம்.

மகன் துள்ளி எழுந்தான். தகப்பனுக்கோ நித்திரை போயிற்று. ஒரு மாலை என்னிடம் வந்தார். "தம்பி, நீங்கள் நாலு புத்தகம் படிக்கிறனீங்கள். உந்தக் கிற்றார் செய்த பெரிய கம்பனிக்காரர் எல்லாம் எப்பிடி வந்தவை, எப்பிடிப் போனவை எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் யோசிக்கிறன்."

பார்த்தேன். பார்த்ததிலே சிலவற்றை இங்கு தருகிறேன்.

தச்சரும் வாத்தியக்காரரும்

ஓடாவியார் வாத்தியத்தில் கை வைக்கலாமா என்று எவரேனும் புருவம் நெரித்தால், அவருக்கு இச்சம்பவத்தைச் சொல்லுக. ஜெர்மன் தேசத்தின் சாக்சனிப் பகுதியில் மார்க்நியூகிர்ச்சன் என்றொரு சிற்றூர். அங்கே வயலின் செய்வோர் ஒரு சங்கமாகவும், பெட்டி அலுமாரி செய்யும் தச்சர் வேறொரு சங்கமாகவும் இருந்தனர். தச்சர் கிற்றார் செய்யத் தொடங்கினர். வயலின்காரருக்குப் பொறுக்கவில்லை. மரப்பெட்டி அடிக்கிறவனுக்கு வாத்தியம் என்ன தெரியும் என்று 1820 களில் வழக்காடினர். தீர்ப்பு ஈற்றில் தச்சர் பக்கமே சாய்ந்தது. ஆயினும் அத்தச்சர் கூட்டத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் என்பவருக்கு அந்தச் சச்சரவு அலுத்துப் போய்விட்டது. 1833 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பென்சில்வேனியாவில் நசரேத் என்ற ஊரில் அவர் குடும்பத்தார் நிலைநாட்டிய மார்ட்டின் கம்பனி இன்றும் கிற்றார் செய்கிறது. இன்று உலகப் புகழ் பெற்ற அந்தக் கிற்றாருக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு தச்சுப் பட்டறை.

அம்மார்ட்டின் கம்பனியும் ஒரு முறை தடுக்கி விழப் பார்த்தது. 1960 களில் நாட்டுப்பாடல் மோகம் அமெரிக்க இளைஞரைப் பற்றிக்கொண்டபோது கிற்றார் கேட்டு மக்கள் காத்து நின்றனர். கம்பனி தந்தி செய்யும் தொழிலையும், பாஞ்சோ செய்யும் தொழிலையும், சுவீடனில் ஒரு கிற்றார்ச் சாலையையும் வாங்கிற்று. 1971 இல் 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட கிற்றார்களை விற்றது. மோகம் தணிந்தது. 1982 ஆம் ஆண்டில் அத்தொகை மூவாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. வாங்கிய தொழில்களிற் பலவற்றைக் கழித்துக்கட்டி, நசரேத்துப் பட்டறைக்கே மீண்டும் வந்து சேர்ந்தபின்தான் மூச்சு வந்தது.

நமது ஊரில் இதற்கு ஒரு சொல் உண்டு. அகலக்கால் வைத்தல்.

இச்சொல்லை நான் முதன்முதல் கேட்டது என் பாட்டியின் வாயிலிருந்து. தீவுப்பகுதியார் தென்னிலங்கைப் பட்டினங்களிலே சுருட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்து வாழ்ந்த கதை இப்பக்கத்தாருக்குப் புதிதன்று. என் பாட்டனாரும் அவ்வாறு ஒரு கடை வைத்தார். நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததனாலேயே வேறு மூன்று ஊர்களில் மூன்று கிளை திறந்தார். பெயர்ப்பலகை நான்கு, சரக்கை முகர்ந்து பார்த்து வாங்கும் மூக்கு ஒன்றே ஒன்று. கிளைகளில் மட்டச் சரக்கு நுழைந்தது. பழைய வாடிக்கைக்காரர் முதற் கடையையும் சந்தேகிக்கத் தொடங்கினர். ஐந்து ஆண்டுகளில் பாட்டியின் அட்டியல் அடைவுக்குப் போயிற்று, திரும்பி வரவில்லை. பாட்டனார் அதன்பின் கடையைப் பற்றிப் பேசியதை ஒருவரும் கேட்டதில்லை.

பியர்க் கம்பனியும் தொலைக்காட்சிக் கம்பனியும்

மின்சாரக் கிற்றார் என்றவுடன் உலகத்தார் வாயில் வரும் பெயர்கள் இரண்டு: பெண்டர், கிப்சன். இவ்விரண்டும் சிறு பட்டறையிலே பிறந்தவை. இரண்டும் பெரியோர் கையில் அகப்பட்டுச் சீரழிந்தவை. பின்னர் இரண்டும் மீட்கப்பட்டவை.

லியோ பெண்டர் கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி திருத்தியவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் வாசிப்போர் சொல்லும் குறையைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர். 1954 இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ரட்டோகாஸ்ரர் என்னும் வடிவத்தை இன்றும் எந்தத் துள்ளிசை மேடையிலும் காணலாம். உடல்நலம் குன்றிய அவர் 1965 சனவரியில் தம் தொழிலைச் சி. பி. எஸ். என்னும் ஒலிபரப்புத் தாபனத்துக்கு விற்றார். விலை 1 கோடி 30 இலட்சம் டொலர். முந்திய ஆண்டில்தான் அதே தாபனம் நியூயோர்க் யாங்கீஸ் என்ற புகழ்பெற்ற பந்தாட்டக் குழுவை வாங்கியிருந்தது; அதற்குக் கொடுத்ததிலும் கிற்றாருக்குக் கொடுத்தது அதிகம்!

வாங்கியவர்கள் கணக்கு அறிந்தவர்கள், மரம் அறியாதவர்கள். உற்பத்தி பெருகிற்று. கழுத்தை உடலோடு பிணைத்த நான்கு திருகாணிகள் 1971 அளவில் சில வகைகளில் மூன்றாயின. ஓர் ஆணி குறைந்தால் என்ன குடி முழுகுமா என்று கேட்கலாம். ஓராணியில் மிச்சம் பிடிக்கும் மனம், வேறெங்கும் மிச்சம் பிடிக்காதிருக்குமா? சங்கீதக்காரர் வெகு விரைவில் கண்டுகொண்டனர். 'சி. பி. எஸ். காலத்துக்கு முந்தியது' என்பதே ஒரு கிற்றாருக்கு நற்சாட்சிப் பத்திரமாயிற்று. பழையதன் விலை புதியதை மிஞ்சியது. 1985 இல் அத்தாபனத்தின் உத்தியோகத்தர் சிலர் சேர்ந்து தொழிலைத் திரும்ப வாங்கினர். விற்ற காலத்து விலையிலும் சற்றுக் குறைவாக.

கிப்சன் கதை இன்னும் நீளமானது. ஓர்வில் கிப்சன் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் தனியாள் பட்டறை வைத்து மண்டலின் செய்தவர். வயலினைப் போல முகப்பலகையைக் குடைந்து வளைத்துச் செதுக்கியது அவருடைய புதுமை. 1902 இல் வேறு சிலர் பணம் போட்டு அவர் பெயரில் கம்பனி தொடங்கினர். ஊர் முழுவதும் அத்தொழிலிலே கை தேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆடவர் படைக்குப் போய்விட, பெண்களே அத்தொழிற்சாலையில் இருந்து பல்லாயிரம் கிற்றார்களைச் செய்தார்கள். அக்காலத்துக் கிற்றார்களை இன்று இசைவாணர் தேடித் தேடி வாங்குகின்றனர். செய்தவர்கள் பெண்கள் என்பதைக் கம்பனி அப்போது எடுத்துச் சொல்லவில்லை என்பதைக் கூறாமல் விடுவதற்கு எனக்கு மனமில்லை.

1969 இல் அது தென்னமெரிக்காவில் பியர் வடித்த ஒரு கம்பனியின் கைக்குப் போயிற்று. ஒரே கட்டையில் வெட்டிய உடலுக்குப் பதிலாகப் பலகைகளை அடை அடையாய் ஒட்டி உடல் செய்தார்கள். தென்பகுதியிலே நாஷ்வில் நகரில் புதுத் தொழிற்சாலை எழுந்தது. 1984 இல் கலமசூச் சாலையை இழுத்து மூடினார்கள். அங்கே பரம்பரையாய் வேலை செய்தோருள் ஊரை விட்டுப் போக மறுத்த சிலர், மறு ஆண்டில், அதே கட்டடத்தில், கம்பனி விட்டுச்சென்ற பழைய இயந்திரங்கள் சிலவற்றை வாங்கி, 'ஹெரிற்றேஜ்' என்ற பெயரில் தாமே கிற்றார் செய்யத் தொடங்கினர். ஹெரிற்றேஜ் என்றால் முதுசம். முதுசம் என்ற சொல்லின் கனம் யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1986 சனவரியில் ஹென்றி யஸ்கேவிச் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கிப்சனை 50 இலட்சம் டொலருக்கு வாங்கினர். நியாயமாகப் பேசுவோம், இறந்துகொண்டிருந்த கம்பனியை அவர் உயிர்ப்பித்தார். தரம் உயர்ந்தது, பெயர் மீண்டது. அத்துடன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மேளம் செய்வோரை வாங்கினார். பியானோ செய்வோரை வாங்கினார். கணனியில் இசை பதியும் மென்பொருள் செய்வோரை வாங்கினார். விளையாட்டுக்கு நைக்கி எப்படியோ, இசைக்குக் கிப்சன் அப்படி ஆக வேண்டும் என்பது அவர் கனவு. 2014 இல் பிலிப்ஸ் தாபனத்தின் வீட்டு ஒலிக்கருவிப் பகுதியை 13 கோடியே 50 இலட்சம் டொலருக்குப் பெருங்கடன் பட்டு வாங்கினார். ஒலிபெருக்கியிலும் காதணி வானொலியிலும் ஆசியத் தொழிற்சாலைகளோடு போட்டியிடுவது கிற்றார் செய்பவருக்கு ஆகிற காரியமா?

கிற்றாரிலும் புதுமை புகுந்தது. 2015 ஆம் ஆண்டு வகைகளிற் பெரும்பாலானவற்றில், தந்தியைத் தானே சுருதி கூட்டும் சிறு மோட்டர்களைப் பூட்டி விலையையும் ஏற்றினார்கள். சுருதி கூட்டத் தெரியாதவன் கிற்றார் வாங்க மாட்டான். தெரிந்தவனுக்கு மோட்டர் வேண்டாம். கடைகளில் தேங்கிற்று.

2018 மே 1 ஆம் திகதி கிப்சன் வங்குரோத்து மனுக் கொடுத்தது. கடன் 50 கோடி டொலர் வரை என்றார்கள். இதிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நாளிலும் கிற்றார்ப் பகுதி இலாபத்திலேயே நடந்தது. கழுத்தைப் பிடித்தது வாங்கிச் சேர்த்த ஒலிக்கருவிப் பகுதி. அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, அவ்வாண்டு நவம்பரில் புது உடைமையாளரின் கீழ் கம்பனி எழுந்தது. மறு ஆண்டில் ஒரு சலனப்படம் உலகமெங்கும் சுற்றியது. வரிசையாய் அடுக்கிய நூற்றுக்கணக்கான புதுக் கிற்றார்களின் மேல் கனரக வாகனமொன்று ஏறி நசுக்கும் காட்சி. அவை திருத்த முடியாதவை என்று கம்பனி விளக்கம் சொன்னது. திருத்த முடியாதவையோ, அல்லவோ. ஊர்காவற்றுறை ஓடாவியாரைக் கேட்டிருக்க வேண்டும்.

பெரியோர் கை நீண்டபோது சிறியோர் சும்மா இருக்கவில்லை. ஒற்றைக் கொம்பு வடிவக் கிற்றார் செய்ததற்காகப் போல் றீட் சிமித் என்ற கைவினைஞரின் கம்பனி மீது கிப்சன் வழக்குப் போட்டு, முதலில் வென்றது. சிமித் மேன்முறையீடு செய்தார். 2005 இல் மேன்முறையீட்டு மன்று அத்தீர்ப்பைப் புரட்டிவிட்டது. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். கடையிலே கையில் எடுத்து வாங்குகிறவன் மயங்க மாட்டான் என்பது வாதத்தின் சாரம். வடிவம் பற்றிய வழக்குகள் பிற்காலத்திலும் ஓயவில்லை.

இந்தியாவிலே இதற்கு ஒரு வேடிக்கையான மறுபக்கமும் உண்டு. கல்கத்தாவில் 'கிவ்சன்' என்ற பெயரில் கிற்றார் செய்து விற்றனர். ஓரெழுத்துத்தான் வித்தியாசம்! அதிலே விரல் பழகித் தேர்ந்தவர் எத்தனையோ பேர்.

நம்மவர் மரம், நம்மவர் கை

இவ்வளவு தூரம் அமெரிக்காவில் அலைந்துவிட்டோமே, நமக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பார் உளர். உறவு உண்டு. கிற்றாரின் முதுகுக்கும் விரற்பலகைக்கும் உலகம் தேடுகின்ற தோதகத்தியும் கருங்காலியும் நமது பக்கத்து மரங்கள். 2011 இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலையில் புகுந்து கைப்பற்றியவை இந்தியாவிலிருந்து சென்ற பலகைகளே. மறு ஆண்டில் கம்பனி 3 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தி விஷயத்தைத் தீர்த்துக்கொண்டது. 2017 தொடக்கத்தில் தோதகத்தி இன மரங்கள் அனைத்துக்கும் உலக வர்த்தகத்தில் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று விதித்தார்கள். முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்களித்தார்கள். இடைப்பட்ட காலத்தில், பத்திரம் நிரப்பக் குமாஸ்தா வைத்திருந்த பெரியவர்களிலும் தனியாள் பட்டறைகளே அதிகம் இடருற்றிருக்கும் என்பது என் எண்ணம்.

கிற்றாரும் நமக்கு அந்நியப் பொருளன்று. போர்த்துக்கேயர் இக்கடலுக்கு வந்த நாளிலிருந்தே அவர்களுடைய தந்தி வாத்தியமும் பாட்டும் இலங்கைக் கரைகளில் ஒட்டிக்கொண்டன. பைலாவின் வேர் அங்கேதான். பின்னர் 1970 களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசை வானொலியில் ஒலிக்க, மிருதங்கமும் வயலினும் இருந்த யாழ்ப்பாண வீடுகளில் கிற்றாரும் புகுந்தது. பெரியோர் முகஞ்சுளித்தனர். சுளித்த பெரியோரே கலியாண வீட்டில் தாளம் போட்டதையும் நான் கண்டிருக்கிறேன்.

கைவினைஞர் பெருத்துப் போகாமலும் அழிந்து போகாமலும் வாழ வேறு வழி உண்டா? தமிழகத்தில் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பலாமரத்தில் குடைந்து செய்யும் தஞ்சாவூர் வீணைக்கு 2013 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்துக்கு அணித்தாயுள்ள நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளிலிருந்து கழற்றிய ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022 இல் கிடைத்தது. இக்குறியீட்டின் நுட்பம் யாதெனில், பெயர் ஒரு முதலாளிக்குச் சொந்தமன்று, ஊருக்குச் சொந்தம். அதை விற்க முடியாது. பியர்க் கம்பனி வாங்க முடியாது. நயினை அம்பாள் திருவிழாவிலே நாம் கேட்டு உருகும் நாதஸ்வரத்திலும் அந்தச் சிற்றூர் ஆசாரிமார் கைபட்டவை இருக்கக்கூடும். ஆனால் குறியீடு வந்ததனால் மட்டும் பிள்ளைகள் பட்டறைக்குத் திரும்பிவிடுவார்களா? வீணை செய்ய உட்காரும் இளைஞர் தொகை குறைகிறது என்ற கவலை தஞ்சையிலும் கேட்கிறது.

பட்டறை வாசலில்

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓடாவியாரும் மகனும் ஒருங்கே இருக்கையில் சொன்னேன். நாஷ்வில் என்றும் நசரேத்து என்றும் நான் அளந்ததைத் தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிற்றார்களை நசுக்கிய இடம் வந்தபோது மட்டும் "சிவசிவா" என்றார். முடிவில் மகனைப் பார்த்தார். பார்வையில் வெற்றி இருந்தது என்று நான் எண்ணினேன்.

மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லக் கேட்டான்: "ஐயா, பெருத்தவன் விழுந்த கதை சரி. எங்கடை வள்ளப் பட்டறை பெருக்கவில்லையே. அப்பு காலத்திலை இருந்த அளவிலைதானே இருந்தது. அது ஏன் படுத்தது?"

ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. 1938 இல் வல்வெட்டித்துறையிலே கட்டிய பாய்க்கப்பல் ஒன்று அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்தது என்பதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அக்கப்பலைக் கட்டியோரின் வித்தைக்கு ஒரு பெயரிட்டு, ஒரு முதலிட்டு, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர் யார்? 1990 களின் தொடக்கத்தில் போரினால் தீவுப்பகுதி மக்கள் பெயர்ந்தபோது உளிப்பெட்டிகளும் கைவிடப்பட்டன. திரும்பி வந்தபோது கடற்கரையிலே கண்ணாடியிழை வந்துவிட்டது. சிறியதாக இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை என்று அந்த இளைஞன் சொன்னதற்கு, கிப்சன் கதையில் விடை இல்லை.

ஓடாவியார்தான் மௌனத்தை முறித்தார். எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து பலகைகள் சிலவற்றை இழுத்து வந்தார். இடிந்த ஒரு நாற்சார் வீட்டின் வளையிலிருந்து அறுத்த பழம் பலா. மஞ்சள் நிறம் கறுத்துத் தேன் நிறமாகியிருந்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் திகதி குறித்திருந்தார். உப்புக் காற்றுப் படாமல் ஓராண்டு உலர வேண்டுமாம். எண்ணிப் பார்த்தேன். ஐந்து கிற்றாருக்குப் போதும்.

"சின்னையாவுக்கு எழுது" என்றார் மகனிடம். "காசு அனுப்பச் சொல்லு. பன்னிரண்டு பேருக்கு வேண்டாம். இரண்டு பெடியளுக்குச் சம்பளம் குடுக்கக் காணும். ஒலிபெருக்கி எங்களுக்கு வேண்டாம். உந்த ஐஞ்சும் முடிஞ்சு, வாங்கினவன் ஒரு வருசம் வாசிச்சுப்போட்டுக் குறை சொல்லாட்டில், பேர் வைக்கிறதைப் பற்றிப் பிறகு கதைப்பம்."

மகன் முகத்தில் முழுச் சம்மதம் இல்லை. சின்னையா இரண்டு பேருக்குப் பணம் அனுப்புவாரோ, பன்னிரண்டு பேருக்கென்றால்தான் அனுப்புவாரோ, அதுவும் தெரியவில்லை. ஆயினும் அவன் குனிந்து, மேலே இருந்த பலகையை எடுத்து, விளக்கடியில் பிடித்து, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தான். விரலால் ஒரு முறை தட்டினான். தகப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கழுத்துக்கு இது வேண்டாம்" என்றான் மகன்.

"ஓம், வேண்டாம்" என்றார் தகப்பன்.

ஐந்தில் ஒன்றை மருமகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். வருகிற தைக்குப் பிறகு நெடுந்தீவுப் படகில் அது போகும். குறிகட்டுவானில் இம்முறை அவளே தோளில் சுமந்து இறங்குவதாக ஏற்பாடு.